பதினொரு விநாடி ஓடிய கார்

“கார்புரேட்டர் வெச்சு ரோட்டரி இன்ஜின் ஓட்டுறது, கண்ணைக் கட்டிக்கிட்டு குழம்பு வைக்கிற மாதிரி” என்றாள் ஜீவிதா.

“எங்கம்மா இத்தனை வருஷமா அளக்காமத்தான் உப்புப் போடுறாங்க. ஒரு நாளும் கரிச்சதில்ல” என்றான் சௌந்தர்.

“உங்கம்மா ருசி பாப்பாங்க. கார்புரேட்டர் ருசி பாக்குமா?”

“அதுக்குத்தான் நான் இருக்கேன்ல?”

“பெட்ரோலைக் குடிச்சா பாப்பீங்க?”

“காதால கேட்டுப் பாப்பேன். பெட்ரோல் கூடவா, கொறச்சலான்னு இன்ஜின் சத்தமே சொல்லிரும். உங்க கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயரு அத்துப்போச்சுன்னா நரிக்குடி ரோட்டுல நட்டநடுவுல நிக்கணும். கார்புரேட்டருக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.”

“அந்த ஸ்க்ரூடிரைவரை வெச்சுக்கிட்டு மாசத்துக்கு நாலு நாள் அதே ரோட்டுல நிக்கிறதுக்குப் பேரு என்னங்க?”

இந்தப் பேச்சு நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. நடந்த இடம், அருப்புக்கோட்டையில் ஜீவிதாவின் வீட்டு மொட்டை மாடி. சௌந்தர் அவளைப் பெண் பார்க்கப் போயிருந்தான்.

இரண்டு பேருடையதும் வீட்டுக்குள் கன்னடமும் வெளியில் தமிழும் பேசுகிற நெசவுக் குடும்பங்கள். சௌந்தர் பைபாஸ் ஓரம் சொந்தப் பட்டறை வைத்திருக்கும் கார் மெக்கானிக். ஜீவிதா ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படித்துவிட்டு, பழைய கார்களில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து விடும் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, அந்த வேலையைக் கம்ப்யூட்டரே அளந்து செய்கிற எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் பொருத்தித் தரும் மதுரைக் கம்பெனி ஒன்றில், அங்கேயே தங்கி வேலை பார்ப்பவள். ‘ரெண்டும் வண்டியைக் கட்டிக்கிட்டு அழுவுற புள்ளைக, நல்லாப் பொருந்தும்’ என்று பெரியவர்கள் நம்பினார்கள். ‘பத்து நிமிஷம் தனியாப் பேசட்டும்’ என்று மாடிக்கு அனுப்பினார்கள்.

முதல் இரண்டு நிமிஷம் கன்னடத்தில் படிப்பு, வேலை என்று ஒழுங்காகத்தான் போனது. கார்புரேட்டர் வந்ததும் பேச்சு தமிழுக்கு மாறியது. கூடவே சத்தமும் ஏறியது. கீழே கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன பேச்சு என்று விளங்கவில்லை, சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது.

“தாலி ஏறுறதுக்கு முன்னாலயே இப்படியா?” என்று ஜீவிதாவின் அப்பா பயந்துபோனார். திரும்பி வரும் வழியில் சௌந்தரின் அம்மா சௌடம்மாள், “பொண்ணுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திதான்” என்றாள். இரண்டு நாளில் இரண்டு வீட்டிலிருந்தும் மரியாதையாகச் சொல்லியனுப்பிவிட்டார்கள். சம்பந்தப்பட்ட இரண்டு பேரிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சௌந்தர் சொல்லியிருப்பான். அவன் வாழ்க்கையில் அதுவரை யாரும் அவனோடு எட்டு நிமிஷம் தொடர்ந்து கார்புரேட்டரைப் பற்றிப் பேசியதில்லை. அந்த மாடியை விட்டு இறங்கும்போதே மறுபடி எப்போது வரலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை முறையாகப் பெண் கேட்டு வரட்டுமா என்று அவளிடமே கேட்டுவிட வேண்டும். அவள் நம்பர் ஜாதகத்தோடு வந்த தாளில் இருந்தது. எத்தனையோ தடவை அந்தக் கேள்வியை போனில் அடித்து, எத்தனையோ தடவை அழித்தான். அவளும் அதைச் சண்டை என்றே எடுத்துக்கொண்டிருந்தால்?

இப்படியே இரண்டு வருஷம் போனது. அப்புறம் ஆனந்தகுமாரின் கார் வந்தது.

ஆனந்தகுமார் பள்ளிக்கூடத்தில் சௌந்தரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். பஜாரில் பாத்திரக்கடை நடத்துகிறான். அண்டாவும் குத்துவிளக்கும் விற்கிறவனுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று அவன் மனைவி சரஸ்வதிக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேரளாவில் ஒருவரிடமிருந்து கத்திரிப்பூ நிறத்தில் ஒரு பழைய காரை வாங்கி வந்தான். அதன் பானெட்டுக்குள் ஜப்பானிலிருந்து வந்த ரோட்டரி இன்ஜின் இருந்தது.

மற்ற கார்களில் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். ரோட்டரியில் பிஸ்டன் கிடையாது. பக்கம் கொஞ்சம் உப்பிய முக்கோணமாக ஒரு ரோட்டார், ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுகிற மாதிரி தன் கூட்டுக்குள் உருண்டு உருண்டு சுற்றும். பெட்ரோலோடு கொஞ்சம் ஆயிலையும் சேர்த்தே குடிக்கும். சௌந்தர் இதைச் சரஸ்வதிக்கு ஆட்டுக்கல்லை வைத்து விளக்கியதுதான் தப்பாகப் போயிற்று. அன்றிலிருந்து அவள் அதை ‘மாவாட்டுற காரு’ என்றுதான் சொல்வாள்.

அந்த இன்ஜினின் மேல் பெரிய கார்புரேட்டர் ஒன்று உட்கார்ந்திருந்தது. காலையிலும் சாயங்காலமும் அதற்கு ஒரு குறையும் கிடையாது. உச்சி வெயிலில்தான் வம்பு. இன்ஜின் சூட்டில் கார்புரேட்டருக்குள் நிற்கிற பெட்ரோல் கொதித்துப் பொங்கி, வண்டி நின்றுவிடும். சித்திரையில் ஒரு நாள் திருச்சுழி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, தாலுகா ஆபீஸைத் தாண்டியதும் அப்படி நின்றது. ஆனந்தகுமார் பானெட்டைத் திறந்து விசிறிக்கொண்டிருந்தான். சரஸ்வதி இறங்கி, பின்னால் வந்த அருப்புக்கோட்டை பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “ஏங்க, மாவு பொங்கி முடிஞ்சதும் எடுத்துக்கிட்டு வாங்க!” என்றாள். பஸ்ஸே சிரித்தது.

அன்று சாயங்காலம் ஆனந்தகுமார் பட்டறைக்கு வந்தான்.

“ஏலே சௌந்தரு, இந்தக் கார்புரேட்டரைக் கழட்டுடா. இன்ஜெக்‌ஷன் போட்ருவோம். மதுரைல ஒரு அம்மா ரோட்டரிக்கே டியூன் பண்ணுவாகளாம். பேசிட்டேன். பேரு ஜீவிதாவாம், நம்ம ஊருதானாம்.”

கார்புரேட்டரைக் கழற்றச் சொன்னால் சௌந்தர் சண்டைக்கு வருவான், அரை மணி நேரம் பேசுவான் என்று எதிர்பார்த்துத்தான் ஆனந்தகுமார் வந்திருந்தான். சௌந்தர் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டான்.

“என்னைக்கு வாராங்க?” என்று மட்டும் கேட்டான்.

“என்னடா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற?”

“காலத்துக்குத் தக்கன மாறணும்ல.”

ஆனந்தகுமார் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.

ஜீவிதா ஒரு லேப்டாப் பையும் இரண்டு அட்டைப் பெட்டியுமாக வந்து இறங்கினாள். வாசலில் நின்றவனைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினாள். பிறகு உதட்டோரம் சிரிப்பு வந்தது.

“ருசி பாத்து முடிச்சாச்சா?”

“உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு. அதான் உங்களைக் கூப்பிட்டோம்” என்றான் சௌந்தர்.

நான்கு நாள் வேலை நடந்தது. அவன் கழற்றினான், அவள் பூட்டினாள். நாலு குழாய் இருந்த இடத்தில் நாற்பது ஒயர் வந்ததை அவன் எண்ணிக் காட்டினான். நாற்பத்திரண்டு என்று அவள் திருத்தினாள். பெட்ரோல் ஓட்டத்துக்குப் புது பம்ப், காற்றை அளக்க ஒரு சென்சார், சூட்டை அளக்க ஒன்று, புகையை மோந்து பார்க்க ஒன்று.

“இது ஆயில் குடிக்கிற இன்ஜின். உங்க மோந்து பாக்குற சென்சார் மூஞ்சியில கரியைப் பூசி அனுப்பிரும், பாத்துக்கங்க.”

“பூசுனா மாத்திக்கலாம். பெட்ரோல் கொறஞ்சு உள்ள வெடிச்சு ரோட்டார் ஓரத்து சீல் ஒடிஞ்சா மாத்துவீங்களா? இன்ஜினையே பிரிக்கணும். இப்ப பெட்ரோல்ல எத்தனால் வேற கூட்டிட்டாங்க. அதுக்குத் தக்கபடி அளவைக் கூட்டணும்னு உங்க கார்புரேட்டருக்கு யார் போய்ச் சொல்றது?”

“பெரிய ஓட்டை இருக்குற ஜெட்டா மாத்திச் சொல்லுவேன்.”

“வெயிலுக்கு ஒரு ஜெட்டு, மழைக்கு ஒரு ஜெட்டா?”

“அருப்புக்கோட்டைக்கு எதுக்குங்க மழை ஜெட்டு?”

அவள் சிரித்துவிட்டாள். அந்த ஒரு புள்ளி அவனுக்கு.

நான்காம் நாள் மத்தியானம், வேண்டுமென்றே உச்சி வெயிலில் திருச்சுழி ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். அவன் ஓட்டினான். அவள் பக்கத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வரைபடங்களைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஒரு ஆட்டுமந்தை ரோட்டைக் கடந்து முடிக்கும்வரை நின்று, மறுபடி கிளப்பினார்கள். இன்ஜின் ஒரு முக்கலும் இல்லாமல் கிளம்பியது. கார்புரேட்டர் இருந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சௌந்தர் அதைச் சொல்லவில்லை. சொல்லாததை அவள் கவனித்தாள்.

“இன்ஜின் சுத்து மூவாயிரத்தைத் தாண்டுறப்ப ஒரு தயக்கம் இருக்கு” என்றான் அவன் கொஞ்ச தூரம் போனதும்.

“இல்லையே. இங்க எல்லாம் நேரா இருக்கு.”

“உங்க கோடு நேரா இருக்கும். இன்ஜின் எச்சி முழுங்குது. இந்தா... இப்ப.”

அவள் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூவாயிரத்து நூறில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பள்ளம். இரண்டு எண்களை மாற்றினாள். தயக்கம் போய்விட்டது.

“உங்க காது எந்தக் கம்பெனிங்க?” என்றாள்.

அப்போதே கேட்டிருக்கலாம். அவன் வாயைத் திறந்தும்விட்டான். அதற்குள் அவள் போன் அடித்தது. அவள் அம்மா. “சரிம்மா... ஞாயித்துக்கிழமையா... சரி, வந்துடுறேன்” என்று பேசி வைத்தாள்.

“சேலத்துலேருந்து பொண்ணு பாக்க வர்றாங்களாம். இந்த ஞாயிறு இல்ல, அடுத்த ஞாயிறு” என்றாள், ரோட்டைப் பார்த்தபடி.

சௌந்தர் கியரை மாற்றினான். மாற்ற அவசியமே இல்லை.

“மாப்பிள்ளை என்ன பண்றாரு?”

“எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூம் வெச்சிருக்காராம்.”

“அப்ப கார்புரேட்டரும் கிடையாது, இன்ஜெக்‌ஷனும் கிடையாது. சண்டை போட ஒண்ணுமே இருக்காதே?”

“அதான் எனக்கும் யோசனையா இருக்கு” என்றாள் ஜீவிதா.

அவள் மறுபடி லேப்டாப்பில் குனிந்துகொண்டாள். அவன் கேட்கவில்லை. கேட்காததற்காக வீடு வரும்வரை தன்னையே திட்டிக்கொண்டு வந்தான்.

ஆனந்தகுமார் உடனே காரை எடுத்துக்கொள்ளவில்லை. “ஒரு வாரம் உன்கிட்டயே நிக்கட்டும். தெனம் மத்தியானம் திருச்சுழி வரைக்கும் போயிட்டு வா. ஒரு நாள்கூட வம்பு பண்ணலைன்னாத்தான் சரஸ்வதி ஏறுவேங்கிறா. ஆனா பட்டறையில விடாதடா. அங்க ஆடுக பானெட்டு மேல ஏறி நின்னு பெயின்ட்டைப் பேத்துருது. உங்க வீட்டு வாசல்ல விடு” என்றான்.

சௌந்தர் வீட்டு வாசல் என்பது நெசவாளர் தெரு. தறிக்கு நூல் ஏற்றுவதற்கு முன்னால் பாவை, அதாவது நீளவாட்டு நூல்களை, தெரு நீளத்துக்கும் விரித்துக் கட்டி, கஞ்சி தடவி, பிரஷ் போட்டுக் காயவைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். அதனால் பாவு நாளில் விடிந்தும் விடியாமலும் தெருவில் நிற்கிற சைக்கிள், ஸ்கூட்டர், ஆட்டுக்குட்டி எல்லாம் நகர்ந்தே ஆக வேண்டும். அது எந்த வீட்டு வண்டி என்று யாரும் கேட்பதில்லை. யார் கைக்குச் சாவி கிடைக்கிறதோ அவர்கள் நகர்த்துவார்கள்.

செவ்வாய்க்கிழமை பாவு நாள். சௌந்தர் திண்டில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தபோது ரோட்டரி இன்ஜின் கிளம்பும் சத்தம் கேட்டது. கொஞ்சம் உறுமியது, நின்றது. எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். கார் பத்தடி தள்ளி, சந்தின் வாயில் நின்றிருந்தது. அம்மா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, அப்பா சென்னய்யாவுக்குக் கஞ்சி வாளி எடுத்துக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். அப்பா வேன் வைத்திருந்த காலத்தில் பாவு நாட்களில் அதை நகர்த்திப் பழகியவள். அவளுக்குத் தெரிந்தது ஃபர்ஸ்ட் கியரும் ரிவர்ஸும் மட்டும்தான். தெருவை விட்டு வெளியே ஓட்டியதில்லை.

சௌந்தர் தலையில் கையை வைத்துக்கொண்டான். ரோட்டரியிடம் செய்யவே கூடாத காரியம் அதுதான். குளிர்ந்து கிடக்கிற இன்ஜினைக் கிளப்பினால், சூடேறும்வரை கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். சூடாவதற்குள் நிறுத்திவிட்டால் அந்தப் பெட்ரோல் எரியாமல் உள்ளேயே தங்கிப் பிளக்கை நனைத்துவிடும். அப்புறம் என்ன செய்தாலும் பிடிக்காது. கார்புரேட்டர் இருந்தாலும் இதே கதிதான்.

அம்மாவிடம் போய் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சௌந்தர் பல் விளக்கிவிட்டு, ஏழு மணிக்கு ஜீவிதாவுக்கு போன் செய்தான்.

“கார் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுங்க. உங்க கம்ப்யூட்டர் ஏதோ கோவிச்சுக்கிச்சு போல.”

மதுரையிலிருந்து எட்டரை மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். பானெட்டைத் திறந்து, மோந்து பார்த்தாள். போனைக் காரோடு இணைத்து ஏதோ பார்த்தாள். நிமிர்ந்து அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

“என்னவாம்?” என்றான் சௌந்தர் அப்பாவியாக.

“பிளக் நனைஞ்சிருக்கு” என்றாள். ஏன் நனைந்தது என்று சொல்லவில்லை. பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கி, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதிக்கச் சொல்லி, சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்கச் சொன்னாள். உள்ளே தேங்கியது வெளியேறியதும் ஃபியூஸைத் திரும்பச் செருகினாள். இன்ஜின் பிடித்தது. தெரு முழுக்க வெள்ளைப் புகை.

“எந்த ஃபியூஸுன்னு பேப்பர்ல எழுதித் தர்றேன். இன்னொரு தடவை ஆனா நீங்களே பண்ணிடலாம்.”

புதன்கிழமை அடுத்த வீட்டுப் பாவு. விடியற்காலையில் அதே உறுமல், அதே நிசப்தம். எட்டரை பஸ்ஸில் ஜீவிதா.

“நேத்து எழுதிக் குடுத்தேனே?”

“பேப்பர் நனைஞ்சுபோச்சுங்க.”

“எதுல நனைஞ்சது?”

“மழையில.”

ஜீவிதா வானத்தைப் பார்த்தாள். மூன்று மாதமாக ஒரு சொட்டு விழாத வானம். “ஓஹோ” என்று சொல்லிவிட்டு ஃபியூஸைப் பிடுங்கினாள். உள்ளேயிருந்து சௌடம்மாள் எட்டிப் பார்த்து, “சாப்புட்டியா கண்ணு?” என்று கன்னடத்தில் கேட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாய் ஜாஸ்தி என்று சொன்ன அதே சௌடம்மாள்தான். இட்லி போதாது என்று தோசையும் ஊற்றினாள். சாப்பிடும்போது ஜீவிதா ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்காரர்கள் வரப்போவதைப் பேச்சுவாக்கில் சொன்னாள். சௌடம்மாள் தோசையைத் திருப்ப மறந்தாள்.

வியாழக்கிழமை தெருவில் பாவு இல்லை. கார் ஒரே திருகலில் கிளம்பியது. மத்தியானம் சௌந்தர் தனியாகத் திருச்சுழி வரை போய்விட்டு வந்தான். வண்டி அபாரமாக ஓடியது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கையை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

“காரு என்னாச்சு?” என்றாள் சௌடம்மாள்.

“நல்லாத்தான் ஓடுது.”

“நல்லா ஓடுனா நல்லாத்தான இருக்கணும். நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

அவன் எழுந்து கையைக் கழுவினான். சேலத்துக்காரர்கள் வர இன்னும் மூன்று நாள்.

இரவெல்லாம் தூக்கம் வராமல் விடியும்போதுதான் அசந்து தூங்கியவன், வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து வந்து சாவியைத் திருப்பினான். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. அவன் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான். பாவு இல்லை. கஞ்சி வாளி இல்லை. கார் நேற்று நின்ற அதே இடத்தில், ஒரு அடிகூட நகராமல் நின்றது.

இந்தத் தடவை அவனுக்கே நிஜமாகக் குழப்பம். எட்டரை பஸ்ஸில் வந்தவளிடம் சொன்னான்.

“இன்னைக்கு நிஜமாவே என்னன்னு தெரியலைங்க.”

“அப்ப செவ்வாயும் புதனும் தெரியுமா?” என்றாள் ஜீவிதா.

சௌந்தர் மாட்டிக்கொண்டான். அவள் முகத்தைப் பார்த்தால் கோபம் மாதிரி தெரியவில்லை.

“உங்க கம்ப்யூட்டர் எல்லாத்தையும் எழுதி வைக்குமோ?” என்றான் மெதுவாக.

அவள் காரோடு இணைத்திருந்த போனை நீட்டினாள். “செவ்வாய், அஞ்சு நாப்பத்தி ரெண்டு, பதினொரு விநாடி ஓடியிருக்கு. புதன், அஞ்சு முப்பத்தெட்டு, பன்னெண்டு விநாடி. இன்னைக்கு அஞ்சு அம்பது, மறுபடியும் பதினொண்ணு. யாரு ஓட்டுனாங்கன்னு எழுதாது. எப்பன்னு எழுதும்.”

“அப்ப செவ்வாய்க்கிழமையே உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“ஒரு போன் பண்ணிச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே? காலையில எடுத்து நகத்தாதீங்கன்னு. எதுக்கு மூணு நாள் பஸ் ஏறி வந்தீங்க?”

“வாசல்ல நிக்கிற கார் பதினொரு விநாடி கத்துனது உங்க காதுக்குக் கேக்கலையா? மூவாயிரத்து நூறுல எச்சி முழுங்குனதே கேட்டுச்சு.” அவள் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள். “நீங்க எதுக்கு மூணு நாள் போன் பண்ணீங்க?”

  ஜீவிதா குனிந்து ஃபியூஸைத் தேடினாள். இரண்டு நாளும் கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கியதை இன்று தேடவேண்டியிருந்தது.

“சரி, இன்னைக்குப் பாவே இல்லையே. யாரு?” என்றான் சௌந்தர் பேச்சை மாற்ற.

“அம்மா!” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான்.

சௌடம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வரும்போதே தயாராக வந்த மாதிரி இருந்தது.

“காலையில காரைக் கெளப்புனீங்களா?”

“ஆமா.”

“எதுக்கு? பாவுதான் இல்லையே?”

“பாவு இல்ல. அதுக்கு நான் என்ன செய்ய?” என்றாள் சௌடம்மாள். “எனக்கு உங்க இன்ஜினும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. நான் காரைக் கெளப்புன ரெண்டு நாளும் இந்தப் புள்ள வந்துச்சு. கெளப்பாத அன்னைக்கு வரல. நீயும் அன்னைக்குச் சோத்தை அளைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்த. ஞாயித்துக்கிழமை சேலத்துக்காரவுக வேற வாராக. இன்னைக்குப் பாவு இல்லேன்னு சும்மா இருக்க முடியுமா?”

ஜீவிதா பானெட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

“ஏன்டி சிரிக்கிற?” என்று சௌடம்மாள் உரிமையாக அதட்டினாள். பிறகு குரல் இறங்கியது. “அன்னைக்கு மாடியில என்னமோ சண்டைன்னு நெனச்சு நான்தான் வாய் ஜாஸ்தின்னு சொல்லிட்டேன் கண்ணு. பட்டறையில நாலு நாளும் இதே சத்தம்தானாம், ஆனந்தகுமாரு சொன்னான். இவன் தூங்குறப்பக்கூட சிரிக்கிறான். இதுதான் உங்க ரெண்டு பேருக்கும் பேச்சுன்னு எனக்கு அப்பத் தெரியல. ஆனா மறுபடியும் வாரோம்னு நானா எப்படிக் கேக்குறது? கேக்க வேண்டியவன் கேக்கணும்ல.”

அவள் மகனை ஒரு பார்வை பார்த்தாள். “காப்பி போடப் போறேன். பால் இனிமேதான் வாங்கணும். ரொம்ப நேரம் ஆகும்” என்று சொல்லிவிட்டு, உள்ளே போகாமல் தெருக்கோடியைப் பார்த்து நடந்தாள்.

ஜீவிதா பம்ப் ஃபியூஸைச் செருகினாள். சௌந்தர் சாவியைத் திருப்பினான். இரண்டு தடவை செருமிவிட்டு இன்ஜின் பிடித்தது. புகை கலைந்ததும் சத்தம் சீரானது. அவள் போனில் கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒயரைச் சுருட்டினாள்.

“ஆனந்தகுமார் சார்கிட்ட சொல்லிடுங்க. வண்டியில ஒரு குறையும் இல்ல. கெளப்புனா சூடாகுற வரைக்கும் நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். இனிமே நான் வர வேண்டியிருக்காது.” பையின் ஜிப்பை இழுத்தாள். “ஒம்பதே முக்காலுக்கு மதுரை பஸ் இருக்கு.”

“சும்மா நிக்கிறப்ப ஐடிலிங் கொஞ்சம் ஏறி எறங்குற மாதிரி இருக்குங்க” என்றான் சௌந்தர்.

“இல்ல. சரியா இருக்கு.”

“அந்த மோந்து பாக்குற சென்சார்...”

“அதுவும் சரியா இருக்கு.”

“பெட்ரோல் பம்ப்பு?”

“சௌந்தர்” என்றாள். இதுவரை அவன் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டதில்லை. “கார்ல எல்லாம் சரியா இருக்கு.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஆனால் கிளம்பவில்லை. தெருக்கோடியில் பால் வாங்கப்போன சௌடம்மாள் வெறுங்கையோடு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்திருந்தது. இன்ஜின் சூடாகிவிட்டது. சௌந்தர் சாவியைத் திருப்பி அதை நிறுத்தினான், இறங்கினான், அவளுக்கு எதிரே வந்து நின்றான்.

“ஜீவிதா, சேலத்துக்காரங்களை வர வேண்டாம்னு சொல்லச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை எங்கம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கிட்டு நான் உங்க வீட்டுக்கு வாரேன். ரெண்டு வருஷமா கேக்கணும்னு இருக்கேன், கேக்கத்தான் தைரியம் வரல. உங்களைக் கட்டிக்கணும். பொண்ணு கேட்டு வரட்டுமா?”